இழுப்பறையில் கிடக்கும் முடிவுகள்

வரி கட்டத் தவறியவருக்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதத்தில், ‘உங்கள் பகுதியினருள் பெரும்பாலோர் கட்டிவிட்டனர்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் கூடுதலாக எத்தனை பேர் கட்டுவர்? இத்தகைய சிறு மாற்றங்களால் மக்களின் நடத்தையை நெறிப்படுத்த முயலும் உத்தியே ‘நட்ஜ்’. தேலரும் சன்ஸ்டீனும் 2008இல் எழுதிய நூலுக்குப் பின் அரசுகள் பல அதை விரும்பி ஏற்றன. கட்டாயம் இல்லை, செலவும் குறைவு. பலனோ பெரிது என்றன ஆய்விதழ்கள்.

எவ்வளவு பெரிது? டெல்லாவிக்னாவும் லினோஸும் 2022இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் அதை அளந்து காட்டினர். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் இயங்கிய இரண்டு நட்ஜ் அலகுகளின் 126 சோதனைகளை, வெளியானவை, வெளியாகாதவை என்று பிரிக்காமல் எடுத்தபோது கிடைத்தது 1.4. அவற்றில் இடம்பெற்றோர் 2.3 கோடிப் பேர். இடைவெளியின் பெரும்பங்குக்கு வெளியீட்டுச் சார்பே காரணம் என்று அவர்கள் கண்டனர்.

இதற்கு எவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, வருத்தமே அதுதான். பழைய கடிதம் 100 பேருக்கு, புதியது 100 பேருக்கு என்று கொள்வோம். பழையதைப் பெற்றவர்களில் 17 பேர் கட்டினால், புதியதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய 29 பேர் கட்டினால்தான் வேறுபாடு 5 சதவீதப் பொருண்மை மட்டத்தைத் தாண்டும். உண்மையான கூடுதல் ஒன்றிரண்டு பேர்தான் என்றால், தற்செயலாகப் பன்னிரண்டு என்று மிகைத்துக் காட்டிய சோதனையே அச்சேறும். 19 என்று உள்ளபடி காட்டியது இழுப்பறைக்குப் போகும். ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று நெறியாளர் முன் நிற்கும் மாணவருக்கு, தம் முடிவே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வோர் அரிது.

அதே 2022இல் மெர்டென்ஸ் குழுவினரின் தொகுப்பாய்வு சராசரி விளைவளவை 0.43 என்றது. வெளியீட்டுச் சார்புக்காகத் திருத்திக் கணக்கிட்ட மாயர் குழுவினருக்கு மிஞ்சியது 0.04. இதைக் கொண்டு நட்ஜே வெறும் மாயை என்று தள்ளுவது அவசரம். கடிதத்தில் ஒரு வரி சேர்க்கும் செலவுக்கு 1.4 நல்ல பலன்தான். ஆனால் 8.7ஐ நம்பித் திட்டமிட்ட அலுவலகம், 1.4ஐக் கண்டதும் அதைத் தோல்வி என்று கைவிட்டுவிடக்கூடும்.

அந்த இரு அலகுகளும் தம் சோதனைகளை, பலன் தராதவை உட்பட, ஆய்வாளர்களிடம் ஒப்படைத்ததால்தான் ஒப்பீடே இயன்றது. அவற்றுள் ஒன்றான அமெரிக்க அரசின் மதிப்பீட்டு அறிவியல் அலுவலகம், முடிவு எதுவாயினும் வெளியிடுவதைத் தன் நெறியாகவே வைத்திருந்தது.