ஒரு பச்சை மைக்குறி

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், கோட்டைப் பகுதியிலுள்ள பட்டயக் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் ஆறு வாரம் உள்ளகப் பயிற்சி பெற்றேன். நாள்தோறும் காலையில் மாட்டுங்காவில் மின்சார ரயில் ஏறி, சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கி, அலுவலகத்திற்கு நடந்து செல்வேன். மே மாத வெயிலில் தொடங்கிய பயிற்சி ஜூன் மாத மழையில் முடிந்தது.

கணக்காளர் அலுவலகத்தில் நாள் முழுவதும் கூட்டலும் கழித்தலுமே நடக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால், அவற்றையெல்லாம் கணினி நொடியில் செய்துவிடுகிறது. ஏட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு தொகையும் உண்மையாகவே செலவானதா, உரியவருக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பதே மனிதரின் வேலை. அதற்குத் தணிக்கை என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஆடிட்’ என்னும் சொல், ‘கேட்டல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முற்காலத்தில் ஒருவர் கணக்கை உரக்கப் படிக்க, மற்றொருவர் செவிகொடுத்துக் கேட்டுச் சரிபார்த்தனராம்.

எனக்குப் பயிற்சி அளித்தவர் மராத்தியப் பெண்மணி ஒருவர். அக்காவை மராத்தியில் ‘தாயி’ என்பர். நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். சிறிய நூல்நிலையம் ஒன்றை நடத்தும் அறக்கட்டளையின் கணக்கை அவர் என்னிடம் ஒப்படைத்தார். மார்ச் 31ஆம் நாளுடன் முடிந்த ஆண்டின் செலவுச்சீட்டுகள் நான்கு கோப்புகளில் இருந்தன. அவற்றை அலுவலகத்தில் ‘வவுச்சர்’ என்பார்கள். சீட்டில் உள்ள நாள், தொகை, பெற்றவரின் கையொப்பம் ஆகியவற்றை முதலில் ஏட்டுடன் ஒப்பிட வேண்டும். பின்பு வங்கி அறிக்கையுடனும் ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தினால் பச்சை மையால் ஒரு குறி இட வேண்டும்.

“இந்தக் குறி அழகுக்காக இடுவதன்று. ‘நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்று நீ கொடுக்கும் வாக்கு இது” என்றார் தாயி.

முதல் சில நாள்கள் ஒவ்வொரு சீட்டையும் மிகுந்த கவனத்துடன் பார்த்தேன். பிறகு கை பழகியது, கண் சோர்ந்தது. ஒருநாள் மாலை, மழை வலுக்குமுன் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், டிசம்பர் மாதச் சீட்டுகளை ஏட்டுடன் மட்டும் ஒப்பிட்டேன். வங்கி அறிக்கையைத் திறக்காமலேயே எல்லாவற்றிலும் பச்சைக் குறி இட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்தேன். மாற்றப்படாத காசோலைகளையெல்லாம் கணக்கில் எடுத்த பின்னும், வங்கியின் இருப்பு ஏட்டின் இருப்பைவிட 1,800 ரூபாய் மிகுதியாக நின்றது. அந்தத் தொகையில் ஏதேனும் சீட்டு விடுபட்டுள்ளதா என்று தேடினேன்; இல்லை. பற்றுப் பக்கம் எழுத வேண்டியதை வரவுப் பக்கம் எழுதினால் வேறுபாடு இரு மடங்காகும் என்பதால், அதன் பாதியான 900 ரூபாயைத் தேடினேன், அதுவும் இல்லை.

தாயி சிரித்துக்கொண்டே, “1,800 ஒன்பதால் வகுபடுகிறதா?” என்று கேட்டார்.

“வகுபடுகிறது.”

“அப்படியானால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 52ஐ 25 என்று எழுதினால் வேறுபாடு 27. 81ஐ 18 என்று எழுதினால் 63. இரண்டும் ஒன்பதின் மடங்குகளே. அந்தக் கண்கொண்டு தேடு” என்றார்.

அன்று மாலை அது கிடைத்தது. நூல்நிலையக் காவலரின் டிசம்பர் மாத ஊதியம், நாளொன்றுக்கு 590 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 15,340 ரூபாய். சீட்டிலும் ஏட்டிலும் அவ்வாறே இருந்தது. ஆனால், வங்கியிலிருந்து அவர் கணக்கிற்குச் சென்றது 13,540 ரூபாய். தொகையைத் தட்டச்சு செய்தவர் 5ஐயும் 3ஐயும் இடம் மாற்றிவிட்டார். அந்தச் சீட்டின் மேல் என் பச்சைக் குறி பளிச்சென்று இருந்தது.

பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. “கண்டுபிடித்துவிட்டேன்” என்று மட்டும் சொன்னால் எல்லாரும் பாராட்டுவார்கள். பார்க்காமல் குறியிட்டதை யாரும் அறியப் போவதில்லை. எதுவும் சொல்லாமல் வீட்டிற்கு வந்துவிட்டேன்.

இரவு உணவின்போது அப்பாவிடம் நடந்ததைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் சொந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அதன் அருகிலுள்ள உத்திரமேரூர்க் கோயிற் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். அது பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. ஊர் வாரியங்களில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலை முறையில் மீண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அதில் விதி உள்ளது. “கணக்குக் காட்டுவது என்றால் தொகையைக் காட்டுவது மட்டும்தானா அம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை தாயியிடம் இரண்டையும் சொன்னேன். பிழையையும் சொன்னேன், என் குறியையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “டிசம்பர்ச் சீட்டுகள் முழுவதையும் முதலிலிருந்து பார்” என்றார். அதற்கு இரண்டு நாளாயிற்று. வேறு பிழை எதுவும் இல்லை.

அறக்கட்டளையின் செயலரைக் காணத் தாயி சென்றபோது என்னையும் அழைத்துச் சென்றார். அங்கே அந்தக் காவலரை முதன்முதலாகப் பார்த்தேன். பீகாரிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர் அவர். ஊதியம் குறைந்ததை ஏன் கேட்கவில்லை என்று செயலர் வினவினார். “குழந்தைக்கு உடல்நலம் இல்லாததால் அந்த மாதம் மூன்று நாள் விடுப்பு எடுத்தேன், ஐயா. அதற்காகப் பிடித்துக்கொண்டதாக எண்ணினேன்” என்று இந்தியில் சொன்னார். அந்த விடுப்பு ஊதியத்துடன் கூடியது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செயலர் வருத்தம் தெரிவித்து, குறைந்த தொகையை அன்றே அனுப்பினார்.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அது சிக்கனத்தைப் பற்றிய பழமொழி என்றே நான் நினைத்திருந்தேன். தாளில் 1,800 என்பது நான்கு இலக்கம். அந்தக் காவலருக்கோ அது மூன்று நாள் உழைப்பு. ஆறு மாதம் அது அவருக்குக் கிடைக்காமல் இருந்தது. அதற்கு நானும் ‘சரி’ என்று குறியிட்டிருந்தேன்.

பயிற்சி முடிந்து விடைபெற்றபோது தாயி எனக்கு ஒரு பச்சை மைப் பேனாவைப் பரிசளித்தார். இன்றும் அதை வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு ஒரு குறி இடுமுன் என் கை சற்றே நிற்கும்.