ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒரு தாள்

2020 ஊரடங்கில் தேவாரத்துக்கு வந்து, மாடியறையில் மேற்கு மலையைப் பார்த்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்தது. கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்தில் டவரும் போச்சு. விடிவதற்குள் ஒரு புரோகிராம் ஏன் செத்தது என்று சொல்லியாக வேண்டும். கோர் ஃபைல் லேப்டாப்பில் இருந்தது, டீபக் பேக்கேஜும் இருந்தது. ஜிடிபியில் திறந்து, எந்த இடத்தில் விழுந்தது என்பது வரை பார்த்துவிட்டேன். அடுத்து எந்த டேபிளைப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. எழுதியதே நான்தான். அது ஆபீஸ் விக்கியில், விபிஎன்னுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டெபியனில் எல்லா பேக்கேஜுக்கும் /யுஎஸ்ஆர்/ஷேர்/டாக் கீழே ஒரு ஃபோல்டர் உண்டு. டீபக் பேக்கேஜின் பேரில் இருந்ததைத் திறந்தேன். அது வெறும் கைகாட்டி. மூலப் பேக்கேஜின் ஃபோல்டருக்கே கொண்டுபோய் விட்டது. அங்கே லைசன்ஸும் மாற்றப் பட்டியலும் மட்டும். சரி, ஜிடிபியின் கையேடாவது? அதுவும் இல்லை. டெபியன் அதை 'நான்-ஃப்ரீ' பகுதியில் தனியாக வைத்திருக்கிறது, நான் அந்தப் பகுதியைச் சேர்க்கவே இல்லை. மாற்றக் கூடாத பகுதிகள் உள்ள ஆவணம் சுதந்திரமானதல்ல என்று 2006-இல் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். அந்தக் கையேட்டில் மாற்றக் கூடாத பகுதிகளில் ஒன்றின் தலைப்பே, சுதந்திர மென்பொருளுக்குச் சுதந்திர ஆவணம் தேவை என்பதுதான். அந்த இருட்டிலும் சிரிப்பு வந்தது. கொள்கை சரிதான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஜிடிபிக்குள்ளேயே இருக்கும் 'ஹெல்ப்'பை வைத்துத் தடவித் தடவி, பேட்டரி தீரும் வரை போனேன். முடியவில்லை.

காலையில் தோட்டத்து மோட்டார் ஓடவில்லை. அப்பா போய் ரெண்டு வருஷம். மெக்கானிக் வந்து ஸ்டார்டர் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் அப்பா கையெழுத்தில் ஒரு தாள்: எந்த ஒயர் எங்கே, ரிலே எத்தனை ஆம்பியர், கடைசியாகக் காயில் கட்டிய வருஷம்.

"அப்பா எழுதுனதா தம்பி? அப்ப எனக்குப் பாதி வேல இல்ல" என்றார். யாரோ ரிலேயைக் குறைத்து வைத்திருந்தார்கள். தாளில் இருந்த எண்ணுக்குத் திருப்பினார், ஓடியது.

அந்த வாரமே குறிப்பை விக்கியிலிருந்து எடுத்தேன். முதலில் டீபக் பேக்கேஜுக்குள்ளேயே வைக்கத்தான் நினைத்தேன். அதற்குத்தானே அந்தக் குறிப்பு? ஆனால் புரோகிராம் விழுந்த மெஷினில் டீபக் பேக்கேஜ் பெரும்பாலும் இருக்காது. 2015 கடைசியிலிருந்து டெபியன் அவற்றைத் தானாகவே உருவாக்கித் தனிக் கிடங்கில் போட்டுவிடுகிறது. தேவைப்படுகிறவன் போய் எடுத்து வர வேண்டும். எதை எடுத்து வருவது என்று சொல்லும் குறிப்பை அதற்குள்ளேயே பூட்டினால் எப்படி? அதனால் மூலப் பேக்கேஜின் டாக் ஃபோல்டரில் போட்டேன். அங்கே போட்டால் டீபக் பக்கத்துக் கைகாட்டியும் அதற்கே வந்து சேரும்.

அப்புறம்தான் தெரிந்தது, சர்வரில் ஓடுவது டெபியனின் 'ஸ்லிம்' இமேஜ். இடம் மிச்சம் பிடிக்க அது டாக் ஃபோல்டரையே கழித்துவிடுகிறது, லைசன்ஸை மட்டும் விட்டு. எங்கள் ஃபைலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு ஆபீஸில் மூணு மீட்டிங்.

அப்பாவின் தாளில் ஓரம் அரித்திருந்தது. புதுத் தாளில் அப்படியே எழுதி அதே மூடியில் ஒட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா, "அந்த மெக்கானிக் நம்பரையும் போட்றா" என்றாள்.