தவளையைக் கண்டால் தேறுவாய்!

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடிலிருந்து வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சலமான்கா. பழைய ஊர் முழுக்கப் பொன்னிறக் கல் கட்டடங்கள். 1218-ல் தொடங்கிய இவ்வூர்ப் பல்கலைக்கழகம், ஸ்பெயினில் இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழமையானது. அதன் முகப்பில் நெருக்கமாகச் செதுக்கிய சிற்பங்களுக்கு நடுவே, ஒரு மண்டை ஓட்டின் மேல் குட்டித் தவளை உட்கார்ந்திருக்கிறது. பிறர் காட்டாமல் தானாகவே அதைக் கண்டுபிடிக்கும் மாணவரிடம், 'அப்ரோபராஸ்' என்பார்கள். 'பரீட்சையில் தேறுவாய்' என்று அர்த்தம். எதிர்காலச் சொல்!

ஸ்பானிஷ் படிக்கப் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். இறந்தகாலம் படுத்திய பாட்டுக்குப் பிறகு, எதிர்காலம் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. 'அப்லார்' என்றால் பேசுதல். அந்தச் சொல்லை அப்படியே வைத்து, கடைசியில் விகுதி சேர்த்தால் போதும். அப்லாரே - பேசுவேன். அப்லாராஸ் - பேசுவாய். அப்லாரேமோஸ் - பேசுவோம். எல்லா வினைக்கும் இதே விகுதிகள்தான். சுமார் ஒரு டஜன் வினைகள் மட்டும் நடுவில் கொஞ்சம் மாறும். 'தெனேர்', 'தெந்த்ரே' ஆகும். விகுதி அப்போதும் மாறாது.

இந்த விகுதி எங்கிருந்து வந்தது? சலமான்காவில் படித்து, இங்கேயே பேராசிரியராக இருந்த அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய ஸ்பானிஷ் இலக்கணம், 1492-ல் இதே ஊரில் அச்சானது. வினையோடு 'உடையேன்' என்ற பொருள் தரும் 'ஏ' சேர்ந்ததுதான் எதிர்காலம் என்று அவர் அதிலேயே விளக்கிவிட்டார். நாம் 'பேச இருக்கிறேன்' என்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி!

தெருப் பேச்சில் இன்னும் சுலபம். 'போய் ஆ அப்லார்' என்றால் 'பேசப் போகிறேன்'. 'போய்' என்பதற்கு அங்கே 'போகிறேன்' என்று பொருள். நம் 'போய்' போலவே ஒலிப்பது தற்செயல்தான், ஆனால், மறக்காது.

பலர் தடுமாறுவது வேறிடத்தில். 1755-ல் கட்டி முடித்த பிளாசா மயோர் சதுக்கத்தில், கடிகாரத்தின் அடியில்தான் நண்பர்கள் சந்திப்பது வழக்கம். அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டியவரைக் காணோம். பக்கத்தில் நிற்பவர், 'எஸ்தாரா என் எல் ஆட்டோபுஸ்' என்கிறார். இனிமேல்தான் பஸ் ஏறுவார் என்று புரிந்துகொண்டால், காத்திருப்பவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் சொன்னதோ வேறு: 'இந்நேரம் பஸ்ஸில் இருப்பான்.' எதிர்கால உருவத்தில், நிகழ்காலத்தைப் பற்றிய ஊகம்.

தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'மணி மூணு இருக்கும்', 'பிள்ளை இப்போ சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்' என்று தினமும் பேசுகிறவர்கள்தானே! 'செரான் லாஸ் த்ரெஸ்' என்பதும் அதே 'மணி மூணு இருக்கும்'தான். கடிகாரத்தின் அடியில் நின்றுகொண்டு மட்டும் அதைச் சொல்லாமலிருந்தால் சரி!