டெஸ்மா நாட்கள்

2003 ஜூலை 2-ஆம் தேதி அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. 4-ஆம் தேதி டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் கிடையாது, விசாரணை கிடையாது, நேரே டிஸ்மிஸ். தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை இழந்தோம். நான் ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

போனஸ், சரண் விடுப்புப் பணம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டிருந்தது. ஓய்வூதியத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் பங்கையும் 40 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். அரசு அதையெல்லாம் பேசித் தீர்க்க உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சங்கப் பொறுப்பில் இருந்தவர்களை வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே இரவோடு இரவாக வீட்டில் வந்து பிடித்துப் போனார்கள். ஜவஹர் மைதானத்தில் வழக்கமாகக் கூடுகிற நாங்கள், நாலு பேர் சேர்ந்து பேசவே ஒரு மாடி அறையைத் தேட வேண்டியதாயிற்று.

பட்டியலில் என் பெயர் வந்த அன்று சாயங்காலம் என் மனைவி சீட்டுப் புத்தகத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்றாள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் இடத்துக்கு 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், வேலையில்லாப் பட்டதாரிகள் சான்றிதழ் நகல்களோடு அலைய ஆரம்பித்தார்கள். அவர்களில் பலர் எங்களிடம் படித்த பிள்ளைகள். பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அப்படியொரு பையனின் அப்பாவைப் பார்த்தேன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறவர். டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தப்பா நினைக்காதீக சார். அந்த நாலாயிர ரூவா வேலைக்கு மனுப் போடட்டுமானு பய கேட்டான். வாத்தியார் வயித்துல அடிச்சு நமக்கு ஒரு சோறு வேணாம்னுட்டேன். ஆனா ஊரு ஏன் உங்களுக்காக வரலைன்னு நினைக்கீகள்ல? எங்காத்தாவுக்கு முதியோர் பென்சன் வாங்க எத்தனை நடை நடந்தேன், யார் யார் கையில எவ்வளவு வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க வாங்குனதில்லை. வாங்குனவுகளும் உங்ககூட அதே வரிசையிலதான நின்னாக?”

அந்தக் கேள்வி நியாயமானது. வரி வருவாயில் பெரும்பகுதி அரசு ஊழியர் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போகிறது என்று அரசு தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட ஜனங்களின் நினைவுக்கு வந்தது தாங்கள் கால்கடுக்க நின்ற அலுவலக வாசல்கள்தான். ஒரே கையெழுத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் குடும்பங்களைத் தெருவில் விடும் துணிச்சல் ஓர் அரசுக்கு எங்கிருந்து வந்தது? லஞ்சத்தில் நொந்த ஊர் எங்கள் பக்கம் வராது என்ற கணக்கிலிருந்துதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

உயர் நீதிமன்றம் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. ஜூலை 24-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழி பிறந்தது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் நீங்கலாக மற்றவர்களைத் திரும்ப எடுப்பார்கள். ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவதாக எழுதித் தர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே கையில் வெள்ளைத்தாளோடு நாங்கள் நின்றோம். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த தலைமையாசிரியர் ஒருவர், பிள்ளைகளுக்கு டிக்டேஷன் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ‘மன்னிப்பு’ என்ற இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஆகஸ்ட் 6-இல் தீர்ப்பு. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது நீதிமன்றம். கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்றுவரை என் மனம் ஏற்கவில்லை.

2004 மே 10. மக்களவைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி வேலை பார்த்தவர்களில் முந்தைய ஜூலையில் துரத்தப்பட்டவர்கள் ஏராளம். இடது ஆள்காட்டி விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் போயிருந்தது. ரேஷன் கார்டில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்தியிருந்தார்கள். அவரவர் பாட்டை அவரவர் தனியாகப் போராடித் தோற்ற வருடம் அது. தறிக்காரர், கிணற்றுப் பாசன சம்சாரி, ரேஷன் அரிசி கிடைக்காத கிழவி என்று அன்றைக்கு எல்லோரும் ஒரே வரிசையில் வந்தார்கள்.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. மே 18-ஆம் தேதி முதல்வர் ஜெயலலிதா இலவச மின்சாரத்தைத் திருப்பித் தந்தார், ‘எச்’ முத்திரையை நீக்கினார், ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளையும் கைவிட்டார். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்ற ஆணை மட்டும் அப்படியே நின்றது.

தறிக்காரரின் கேள்வியும்தான். அதற்கு ஒரு வழியை ராஜஸ்தான் காட்டியது. அங்கே கூலித் தொழிலாளிகள் 1996-இல் பியாவர் நகரத் தெருவில் 40 நாள் உட்கார்ந்து, கூலிக் கணக்கின் நகலைக் கொடு என்று கேட்டார்கள். அவர்கள் தொடங்கிய போராட்டம் வளர்ந்து 2005 அக்டோபரில் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன்: ஞாயிறுதோறும் ஓர் இடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இந்தச் சட்டப்படி தகவல் கேட்கும் மனுவை இலவசமாக எழுதிக் கொடுப்போம். “நம்ம ஆளுகளையே மாட்டிவிடச் சொல்றீகளா?” என்று கேட்டு இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிய முதல் மனு முதியோர் பென்சன் பட்டியலைக் கேட்டது. தறிக்காரரின் மகன் எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசகம் சொன்னேன்.