கடுகு சைஸில் ஒரு கணக்குப்பிள்ளை!

கோவாவுக்குப் போகிறேன் என்று லீவ் லெட்டரை நீட்டியதும், மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘‘ம்... வயசு!’’ என்று பெருமூச்சு வேறு! பக்கத்து சீட் ஆசாமி என்னென்ன பாட்டில் வாங்கி வர வேண்டும் என்று ரகசியமாக லிஸ்ட் கொடுத்தான். அவர்களிடம் எப்படிச் சொல்வேன், நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது சேறு என்று!

எல்லாம் என் காலேஜ் நண்பனால் வந்த வினை. கோவாவில் கடலடி மண்ணை ஆராய்ச்சி செய்கிறான். பீச்சுக்குக் கூட்டிப் போவான் என்று பார்த்தால், காலங்கார்த்தால லேபுக்கு இழுத்துப் போனான். ஒரு டப்பா சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கொட்டி, குழாயைத் திறந்து அலசினான். வீட்டில் அம்மா அரிசி களைவது போல அவ்வளவு பொறுமை! சேறெல்லாம் ஓடிப்போய் மிச்சமிருந்தது ஒரு சிட்டிகை மணல்.

‘‘இதுக்கா என்னை ஆயிரம் கிலோமீட்டர் வரவழைச்சே?’’

‘‘மைக்ராஸ்கோப்ல பாருடா.’’

பார்த்தேன். மணலில்லை சார், நகைக்கடை! குட்டிக் குட்டிச் சங்குகள், ஜாங்கிரிகள், முத்துக் கோவைகள். ஃபோராமினிஃபெரா என்று பேராம். செல்லமாக ஃபோராம். ஒரே ஒரு செல் உள்ள பிராணி. சுண்ணாம்பில் தனக்குத்தானே ஓடு கட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவை கடுகைவிடச் சின்னது. எகிப்துப் பிரமிடுக் கற்களில் இதன் பெரிய சைஸ் சொந்தக்காரர்கள் கிடக்கிறார்களாம். நண்பன் மெல்லிய பிரஷ் நுனியை ஈரமாக்கி, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான்.

‘‘இந்தச் சேறு எந்த ஊர்?’’

‘‘கார்வார். கிளம்பு, காட்டறேன்.’’

மட்காவில் பஸ் ஏறி, எல்லை தாண்டி கர்நாடகா. சதாசிவகட் குன்றைத் தாண்டியதும் பாலம். கீழே காளி நதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சுமார் 184 கிலோமீட்டர் ஓடிவந்து, இங்கேதான் அரபிக்கடலில் விழுகிறது. பக்கத்தில் இருந்த நாற்பது வருஷப் பழைய பாலம், 2024 ஆகஸ்ட் 7-ம் தேதி நள்ளிரவில் இடிந்து விழுந்தது. கூடவே ஒரு லாரியும் ஆற்றில்! நல்லவேளை, டிரைவரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கார்வார் பீச்சுக்குத் தாகூர் பெயர். அவருடைய அண்ணன் இந்த ஊரில் ஜட்ஜாக இருந்தபோது, இருபத்திரண்டு வயதில் வந்து தங்கி ஒரு நாடகம் எழுதினார். நாடகத்தின் பெயர் ‘இயற்கையின் பழிவாங்கல்’! அந்த மணலில் உட்கார்ந்து, சுண்டல் இல்லாத குறையோடு நண்பனின் பாடத்தைக் கேட்டேன்.

‘‘மழைக்காலத்துல காளி பொங்கி வந்தா, முகத்துவாரத்துல கடல் தண்ணியோட உப்பு குறையும். மழை பொய்ச்சா உப்பு ஏறும். அடியில இருக்கிற ஃபோராமுக்கு அது உடனே உறைக்கும். எந்த ஜாதி பெருகுது, ஓடு என்ன வடிவத்துல வருதுங்கறதெல்லாம் மாறும். செத்ததும் ஓடு சேத்துல புதையும். வருஷா வருஷம் அதுமேல புதுச் சேறு. குழாயை இறக்கிச் சேத்தை அப்படியே தூண் மாதிரி எடுத்தா, கீழே போகப் போகப் பழைய வருஷம். வயசைக் கார்பன்-14 சொல்லிடும்.’’

‘‘அதாவது, பேரேடு!’’

‘‘கரெக்ட். நாம வசதி வந்தா ரூம் சேர்த்துக் கட்டற மாதிரி, இதுவும் வளர வளர அறை கட்டும். ரொட்டாலிடியம் அனெக்டன்ஸ்னு ஒரு ஜாதி. அதோட முதல் அறையை அளந்து, ஆத்துல ஓடின தண்ணிக் கணக்கோட ஒப்பிட்டாங்க. ரெண்டும் பொருந்திச்சு. அப்புறம் ஆழத்துல இருந்த ஓடுகளையும் அளந்தாங்க. இந்தியாவுல வறட்சி சுமார் 77 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருதுன்னு 1995-ல ராஜீவ் நிகம் குழு எழுதினாங்க. சூரியனோட நீண்ட சுழற்சிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னாங்க.’’

‘‘77-ஆ? நம்ம ரிட்டயர்மென்ட்டே 60 தானேடா!’’

‘‘அதான் விஷயமே. போன வறட்சியை ஞாபகம் வெச்சிருக்கிற தாத்தா, அடுத்தது வரப்போ இருக்க மாட்டார். நம்ம வானிலைத் துறை ஆரம்பிச்சதே 1875-ல. 150 வருஷத்தை 77-ஆல வகுத்துப் பாரு.’’

மனக்கணக்குப் போட்டேன். இரண்டுகூட முழுசாக வரவில்லை! இரண்டு தடவை காசைச் சுண்டிப் பார்த்துவிட்டு, எப்போது பூ, எப்போது தலை என்று ஜோசியம் சொன்னால் எப்படி இருக்கும்? பாலமும் அணையும் கட்டுவது ஏறக்குறைய அந்த ஜோசியத்தை நம்பித்தான். மிச்சக் கணக்கெல்லாம் காலடியில், சேற்றில் இருக்கிறது.

நண்பன் சட்டென்று சீரியஸானான். ‘‘இப்ப காளிக்குக் குறுக்கே சூபா, கொடசள்ளி, கத்ரான்னு அணைகள். தண்ணி வர்றது மழையால மட்டுமில்ல, ஷட்டராலயும்தான். இனிமே பிறக்கிற ஃபோராம் எழுதற கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து கலந்திருக்கும். பழைய ஏட்டைத்தான் முழுசா நம்பலாம். ஆனா கடலடியை ஒருதரம் தோண்டிட்டா, பக்கமெல்லாம் கலைஞ்சுடும். மறுபடி அடுக்கவே முடியாது.’’

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நாம் சிமென்ட்டும் கம்பியுமாகக் கட்டிய பாலத்துக்கு ஆயுசு நாற்பது. ஒரு செல் பிராணி கட்டிய சுண்ணாம்பு வீடு ஆயிரக்கணக்கான வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடவே கை வரவில்லை!

திங்கட்கிழமை ஆபீஸ். மேனேஜர் ஒரு ஃபைலை நீட்டினார். ‘‘கடைசி மூணு வருஷ ஃபிகர் இருக்கு. இதை வெச்சு அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு எஸ்டிமேட் போட்டுடுப்பா.’’

‘‘சார்... ஒரு 77 வருஷக் கணக்கு கிடைக்குமா?’’

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து சீட்காரனைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

‘‘என்னய்யா... இவனுக்கு இன்னும் தெளியலையா?’’