மணல் விரும்பியின் பாறை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே நிலம் மெல்ல மேடேறுகிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே கரும்பாறைகள் முதுகு காட்டிக் கிடக்கின்றன; வெள்ளறடையை நெருங்கும்போது அவை குன்றுகளாக எழுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லைக்கோடு இக்குன்றுகளின் ஊடாகவே செல்கிறது. கோட்டின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படுகின்றன.

இங்கே ஓணானுக்கும் இரு பெயர்கள். தமிழில் ஓணான், மலையாளத்தில் ஓந்து. சங்கப் பாடல்கள் பாலை நிலத்து வெயிலில் இவ்வுயிரை 'ஓதி', 'ஓந்தி' என்று அழைத்தன. அந்தப் பழஞ்சொல் மலையாளத்தில் இன்னும் உயிரோடிருக்க, தமிழ்ப் பேச்சு வேறு வடிவத்துக்குச் சென்றுவிட்டது. ஆனால் மரக்கிளையிலும் வேலியிலும் காணும் தோட்டத்து ஓணானும் பாறையில் வாழும் ஓணானும் வேறு வேறு இனங்கள் என்பதைக் காட்டும் தனிப்பெயர் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. பெயர் பெறாத உயிர் எளிதில் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

அறிவியல் அதற்குப் பெயர் தந்தது. அப்பெயரிலும் ஒரு முரண் இருக்கிறது. 1831இல் ஜான் எட்வர்ட் கிரே இவ்வினத்தை விவரித்தார். 1843இல் ஃபிட்சிங்கர் அமைத்த பேரினத்தின் கீழ் இன்று இது 'சாம்மோஃபிலஸ் டார்சாலிஸ்' எனப்படுகிறது. கிரேக்கத்தில் 'சாம்மோஸ்' என்றால் மணல். 'ஃபிலோஸ்' என்றால் விரும்புவது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாறை மீது கழிக்கும் ஓர் உயிர், மணல் விரும்பி என்ற பெயரைச் சுமந்து திரிகிறது.

கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் பாறைக்குன்றுகளில் வாழும் இவ்வினத்தில் பெண்ணும் குஞ்சும் பாறையின் பழுப்பையும் சாம்பலையும் உடுத்தியிருக்கும். அசையாதிருந்தால் கண்ணில் படுவது அரிது. உருவில் பெரிய ஆணோ இனப்பெருக்கப் பருவத்தில் உயரமான பாறையின் உச்சியில் ஏறி நின்று, தலையை ஆட்டியும் முன்னங்கால்களை ஊன்றி உடலை உயர்த்தியும் தன் இருப்பை அறிவிக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனுராதா படப்யாலும் மரியா தாக்கரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதன் நிறமாற்றம் இரண்டு வேறு மொழிகளாக இயங்குவதைக் காட்டியது. பெண்ணின் முன்னே முதுகு சிவந்து விலா கருக்கிறது. போட்டியாளனின் முன்னே முதுகு மஞ்சளாகவும் விலா ஆரஞ்சாகவும் மாறுகிறது. காதலுக்குத் துலக்கமான நிறவேறுபாடு தேவை; சண்டைக்கு வேகம் தேவை. ஒரே தோலில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இத்தனை ஆரவாரமும் ஒரே பருவத்துக்குத்தான். தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், ரிஷிவேலியின் குன்றுகளில் ஸ்ரீகாந்த் தேவதர், கவிதா ஈஸ்வரன் ஆகியோரும் செய்த நெடிய களப்பணிகள் இவ்வினத்தின் வாழ்நாள் எவ்வளவு குறுகியது என்பதைத் தெளிவாக்கின. ஓராண்டில் பொரிக்கும் குஞ்சு அடுத்த ஆண்டின் பருவத்துக்குள் முதிர்ந்துவிடுகிறது. இனப்பெருக்கம் முடிந்தபின் பெரும்பாலான முதிர்ந்த ஓணான்கள் மறுபருவத்தைக் காண்பதில்லை. இவ்வாண்டு பாறை உச்சியில் தலையாட்டும் ஆண், சென்ற ஆண்டு அங்கே நின்றதன் மகனாக இருக்கலாம். அதுவே இதுவாக இருப்பது அரிது.

இந்தக் கணக்கில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல்லாண்டு வாழும் ஆமைக்கு ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவம் இருக்கிறது. பாறை ஓணானுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஒரு குன்றில் ஓராண்டு முட்டைகள் பொரியாவிட்டால், அக்குன்றின் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் அற்றுப்போகலாம். முட்டையைப் பாறையிலும் இட முடியாது. பாறையை ஒட்டிய ஈரமண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டும். ஆணுக்கு உச்சி, ஒளிவதற்கு இடுக்கு, இரைக்கு எறும்பு, முட்டைக்கு மண் என நான்கும் சில மீட்டர் தூரத்துக்குள் அமைந்தால்தான் அது வாழிடம். ஓராண்டு உயிரின் தொடர்ச்சி முழுவதும் பாறையின் நிலைத்தன்மையை நம்பியே இருக்கிறது.

அந்தப் பாறையோ நிலைத்தன்மைக்கு மறுபெயர். தென்கேரளத்தின் உருமாறிய பாறைகளும் நாகர்கோவில் பகுதியின் சார்னோக்கைட்டும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில் ஆழ்நிலத்தின் வெப்பத்தில் வெந்தவை. ஆனால் 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் கட்டுமானக் கல் ஒரு 'சிறுகனிமம்'. அதற்கான விதிகளை மாநிலங்களே வகுக்கின்றன: தமிழ்நாட்டில் 1959இன் விதிகள், கேரளத்தில் 2015இன் விதிகள். எல்லையின் ஒரே பாறைத்தொடர் இரண்டு பேரேடுகளில் கன அளவாக எழுதப்படுகிறது. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரில் தொடங்கிய துறைமுகப் பணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர் தேவைப்பட்டது. இரு மாநிலங்களின் குன்றுகளிலிருந்தும் கற்கள் கடலுக்குச் சென்றன. ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் பாறையை அரைத்து எம்-சாண்ட் ஆக்குவதும் பெருகியது. மணல் விரும்பி என்று பெயர் சூட்டப்பட்ட உயிரின் வீடு இப்போது உண்மையிலேயே மணலாகிறது.

வீட்டுக்குக் கல் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. எல்லைக் கிராமங்களில் பல குடும்பங்களின் அடுப்பு கல்மடையில்தான் எரிகிறது. கேள்வி வேறொன்று. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை விடவேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் பாறை வெறும் கல்லாக மட்டுமே வைக்கப்படுகிறது. காடு என்றால் ஒரு துறை, ஈரநிலம் என்றால் ஒரு விதி. வெறும்பாறைக்கு 'தரிசு' என்ற சொல் மட்டுமே உண்டு. பன்னாட்டுச் செம்பட்டியலில் இவ்வோணான் கவலைக்குரியதல்ல என்ற பிரிவில் இருப்பதால் அபாயமணி எதுவும் ஒலிப்பதில்லை. ஓர் இனம் நாடெங்கும் பரவியிருந்தபடியே குன்று குன்றாக இல்லாமற்போக முடியும் என்பதைப் பட்டியல்கள் காட்டுவதில்லை.

தப்பிய பாறைகள் வேறு காரணங்களால் தப்பியிருக்கின்றன. விளவங்கோட்டுச் சிதறாலின் குன்று, அதன் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. எல்லையின் குருசுமலைக்கும் காளிமலைக்கும் மக்களின் வழிபாடே காவல். சிற்பமோ தெய்வமோ இல்லாத குன்றுக்காக வாதாட எவருமில்லை.

அந்த வாதத்துக்குச் சான்று தருவது கடினமன்று. 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த அனுமதிக் கோப்பில் பாறை வாழ் உயிர்களின் கணக்கும் இடம்பெற வேண்டும். ஆணின் செம்முதுகு தொலைவிலிருந்தே தெரிவதால் உச்சிகளை எண்ணினாலே முதற்கணக்கு கிடைத்துவிடும். ஆண்டுதோறும் தலைமுறை மாறுவதால், ஒரே குன்றை மூன்று நான்கு பருவங்கள் எண்ணினால் அதன் நலம் புலப்படும். எல்லையின் இருபுறக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிட அருகிலிருக்கும் களம் வேறில்லை.

இராமனின் தாகத்துக்கு அணில் இளநீர் தந்தது, ஓணான் மூத்திரம் தந்தது என்று கதை சொல்லி, ஈர்க்கில் சுருக்கிட்டு ஓணானைப் பிடித்த சிறுவர்கள் தமிழ் ஊர்களில் பல தலைமுறைகளாக உண்டு. ஆய்வாளர்களும் கோலின் நுனியில் அதே சுருக்கைக் கட்டித்தான் ஓணானைப் பிடிக்கிறார்கள். அளந்து, குறியிட்டு, பிடித்த பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள். திரும்ப விடுவதற்கு அந்தப் பாறை அங்கே இருக்கவேண்டும்.