வீட்டுக்குள் ஒரு கைப்பிடிச்சுவர்



1998ஆம் ஆண்டு. நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்து, தாராவியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் நாங்கள் வாழ்ந்த காலம். சமையல், படுக்கை, ஜெபம், பிள்ளைகளின் விளையாட்டு யாவும் அந்த ஓர் அறைக்குள்தான். ரேஷன் மண்ணெண்ணெயைப் பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி ஸ்டவ்வின் அருகே வைப்பது என் வழக்கம்.

ஒரு ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து வந்த களைப்பில் கண்ணயர்ந்தேன். மனைவி குழாயடிக்குச் சென்றிருந்தாள். இரண்டு வயது மகன் அந்த நீல நிறத் திரவத்தைச் சர்பத் என்றெண்ணிக் குடித்துவிட்டான். இருமல் சத்தம் கேட்டு எழுந்த நான், பயத்தில் அவன் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தேன். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைக் காட்டிலும் நுரையீரலுக்குள் இறங்குவதே பேராபத்து என்றும், வாந்தி அதற்கே வழி திறக்கும் என்றும் விளக்கினார். ஐந்து நாட்கள் பிராணவாயுவின் துணையோடு கிடந்து, கர்த்தருடைய கிருபையால் மகன் பிழைத்தான்.

பிள்ளையை விட்டுச் சென்றது அவள் குற்றம் என்று நான் மனைவியைச் சாடினேன். "பாட்டிலில் ஊற்றி வைத்தது யாருங்க?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

"பிள்ளையைக் கவனிப்பது பெற்றோர் கடமை, பொருளைச் செய்தவனை ஏன் குறை கூற வேண்டும்?" என்பார் நம்மில் பலருண்டு. ஆனால், 1960களில் கனடாவின் விண்ட்சர் நகரில் ஹென்றி புரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரைகளை விழுங்கிய பிள்ளைகள் ஓயாமல் கொண்டுவரப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், அழுத்தித் திருப்பினால் மட்டுமே திறக்கும் மூடி உருவாகக் காரணமானார். 1970இல் அமெரிக்கா அத்தகைய மூடிகளுக்குச் சட்டம் இயற்றியது. அதன்பின் மாத்திரைகளை விழுங்கி மரிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாய்க் குறைந்தது. தாய்மாருடைய அன்பு ஒரே நாளில் கூடிவிடவில்லை, மூடி மாறியது.

எனினும் மூடியையே நம்பியிருக்கவும் கூடாது. அந்நாட்டு விதிப்படி, சோதிக்கப்படும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வர் பத்து நிமிடங்களுக்குள் திறக்க முடியாதிருந்தால் போதும். ஐந்தாவது பிள்ளை உங்கள் பிள்ளையாய் இருக்கலாம். மேலும், என்னைப்போல வேறு பாட்டிலில் ஊற்றி வைப்பவனுக்கு எந்த மூடியும் உதவாது.

உபாகமம் 22ஆம் அதிகாரம், மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பும் பொறுப்பை வீடு கட்டுகிறவன்மேல் வைக்கிறது. விழக்கூடியவனின் ஜாக்கிரதைக்கே அதை விட்டுவிடவில்லை. பொருளைச் செய்கிறவனும் கட்டுகிறவன். அதை வீட்டில் இன்ன இடத்தில் வைப்பதென்று தீர்மானிக்கிற நாமும் கட்டுகிறவர்களே.

இன்று அந்த மகனுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேரனுடைய பொம்மைக் காரின் பேட்டரி அறை திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் மின்விசிறி ரிமோட்டின் மூடியோ நகத்தால் தள்ளினாலே திறந்துகொள்கிறது. அதற்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாக்கக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; நீங்களாக வாந்தியெடுக்க வைக்காதீர்கள்.

சென்ற வாரம் அந்த ரிமோட்டைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, உயரமான அலமாரியில் வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்லுகிறேன். ஊற்றி வைத்தது நான்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல், மேசையின்மேல் கிடந்த என் இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்து என் கையில் தந்து, அதே அலமாரியைக் காட்டினாள்.